கூட்டம் நெரிசலாக மாறுவது எப்படி?

பொது நிகழ்ச்சியில் நெரிசல் ஏற்பட்டு உயிர்கள் போனால், மறுநாள் செய்தியில் மூன்று வாசகங்கள் தவறாமல் வரும். ‘எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம்’, ‘மக்கள் முண்டியடித்தனர்’, ‘நிலைமை கட்டுக்கடங்காமல் போனது’. மூன்றிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது கூட்டம்தான். வாசல் எவ்வளவு அகலம், உள்ளே எத்தனை பேர் நிற்கலாம் என்று யார் கணக்குப் போட்டார்கள், நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது ஆகிய கேள்விகள் விசாரணை அறிக்கையில்தான் எட்டிப் பார்க்கும். அதற்குள் செய்தி பழையதாகிவிடும்.

இதுவரை நடந்த பெரிய விபத்துகளின் விசாரணைகளைப் படித்தால் ஒன்று புலப்படும். பெரும்பாலான நெரிசல்கள் அந்த நாளில் திடீரென்று முளைத்தவை அல்ல. இடத்தின் வரைபடத்திலும் நிகழ்ச்சியின் நேர அட்டவணையிலும் அவை முன்பே இருந்தன. அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## நெரிசல் என்றால் என்ன?

கூட்ட விபத்து என்றதும் பலருக்கு மனதில் தோன்றுவது, மிரண்டு ஓடும் மந்தையும் அதன் காலடியில் மிதிபடுபவர்களும்தான். உண்மையில் பெரும்பாலான சாவுகள் அப்படி நேர்வதில்லை. இதில் நம் சொல்லே சரியான விளக்கத்தைத் தருகிறது. கழுத்தை நெரிப்பது என்கிறோம் அல்லவா, அதே நெரிதல்தான் நெரிசல்.

மூச்சு இழுக்க மார்பும் வயிறும் விரிய வேண்டும். நாலாபுறமும் உடல்கள் அழுத்தும்போது விரிய இடமில்லை. காற்று இருக்கும், வாய் திறந்திருக்கும், ஆனால் இழுக்க முடியாது. சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். நின்றபடியே உயிர் போனவர்கள் உண்டு. கீழே விழ இடமில்லாததால், பக்கத்தில் நிற்பவருக்கே அது உடனே தெரியாது. கூட்ட அழுத்தத்தில் இரும்புக் கைப்பிடிகள் வளைந்த விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின், அங்கே 450 கிலோ எடைக்கு மேற்பட்ட விசை இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். அத்தனை விசையைத் தர யாரும் வெறி கொண்டு தள்ள வேண்டியதில்லை. பின்னால் இருக்கும் பலர் லேசாகச் சாய்ந்தாலே போதும், எல்லாம் ஒன்றுகூடி முன்வரிசைக்கு வந்து சேரும்.

## முதல் கணக்கு: ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர்?

எத்தனை பேர் வந்தார்கள் என்பது அவ்வளவு முக்கியமான எண் அல்ல. ஒரு லட்சம் பேர் பாதுகாப்பாக நிற்கலாம், சில நூறு பேர் நெரிந்து சாகலாம். பார்க்க வேண்டியது அடர்த்தியை. அதாவது, ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சதுரத்துக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை.

1. இரண்டு பேர் வரை: தடையில்லாமல் நடக்கலாம், திரும்பலாம், வெளியேறலாம்.
2. மூன்று, நான்கு பேர்: நகர்வது மெதுவாகும். நிற்பவர்களுக்குச் சிரமமில்லை. நடந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்கு இதுவே எல்லை.
3. ஐந்தை நெருங்கும்போது: உடல்கள் தொடத் தொடங்கும். பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, நின்று பார்க்கும் பகுதிகளுக்கு 10 சதுர மீட்டருக்கு 47 பேர் என்பதை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. அதுவும் தடுப்புக் கம்பிகள், படிகள் எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே.
4. ஆறு, ஏழு பேர்: தனி மனிதர் என்ற கணக்கு இங்கே முடிந்துவிடுகிறது. கூட்டம் திரவம்போல நடந்துகொள்கிறது என்கிறார் ஃப்ரூயின். அதில் எழும் அலை ஒருவரை மூன்று மீட்டருக்கு மேல்கூடத் தூக்கிக்கொண்டு போகும். செருப்பு கழன்று, கால் தரையில் படாமல் மிதந்தவர்களும் உண்டு.

நான்காவது நிலையில் ‘அமைதியாக இருங்கள், தள்ளாதீர்கள்’ என்று மைக்கில் சொல்வதில் பொருளில்லை. அங்கே யாரும் தள்ளவில்லை. தள்ளாமல் இருக்கவும் அவர்களால் முடியாது.

சவுதி அரேபியாவில் மக்காவுக்கு அருகே ஹஜ் பயணிகள் கூடும் மினாவில் 2006 ஜனவரியில் 340க்கும் மேற்பட்டோர் இறந்த விபத்தின் வீடியோ பதிவுகளை டிர்க் ஹெல்பிங் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். சீராகப் போய்க்கொண்டிருந்த கூட்டம் முதலில் நின்று நின்று நகரத் தொடங்கியது. அப்புறம் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக அலைமோதியது. விபத்து அதற்குப் பிறகுதான். உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு இந்த இரண்டு மாற்றங்களும் தெரியும், உள்ளே நிற்பவருக்குத் தெரியாது. கூட்டத்தைக் கவனிப்பவரை மேடைக்கு எதிரே தரையில் நிறுத்தாமல் உயரமான இடத்தில் உட்கார வைக்கச் சொல்வது இதனால்தான்.

## இரண்டாவது கணக்கு: வாசலின் அகலம்

இடம் பெரிதாக இருந்தால் போதும் என்று நினைப்பது பொதுவான தவறு. இடம் குளம் என்றால் வாசல் மதகு. குளத்தின் கொள்ளளவை மட்டும் பார்த்துவிட்டு மதகை மறந்தால் என்ன ஆகும்?

மேலே சொன்ன வழிகாட்டியின்படி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு நிமிடத்துக்கு 82 பேர் கடக்கலாம், படிக்கட்டில் 66 பேர். 10,000 பேர் இருக்கும் திறந்தவெளியில் நான்கு மீட்டர் அகலக் கேட் ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 328 பேர் வீதம் எல்லோரும் வெளியேற அரை மணி நேரம் ஆகும். அதே வழிகாட்டி சாதாரணமாக வெளியேறுவதற்கே 8 நிமிடத்தைத்தான் எல்லையாகச் சொல்கிறது. அதற்கு மொத்தம் 15 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும், அதையும் ஒரே பக்கத்தில் வைக்காமல் பிரித்து வைக்க வேண்டும்.

இது வெளியேறும் கணக்கு. உள்ளே வரும் கணக்கு இன்னும் கறாரானது. காரணம், அங்கே சீட்டும் பையும் சோதிக்கப்படும். ஒருவரைச் சோதிக்க 10 வினாடி என்றால் ஒரு வரிசையில் மணிக்கு 360 பேர். இரண்டு மணி நேரத்தில் 10,000 பேர் உள்ளே போக 14 வரிசைகள் வேண்டும். சரி, 14 வரிசை போட்டாயிற்று, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. மக்கள் நிமிடத்துக்கு இத்தனை பேர் என்று சீராக வருவதில்லை. கடைசி அரை மணி நேரத்தில் பாதிப் பேர், அதாவது 5,000 பேர், வந்து சேர்ந்தால் 14 வரிசைகளும் அதற்குள் 2,520 பேரைத்தான் உள்ளே விடும். மீதி 2,480 பேர் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் வெளியே நிற்பார்கள். சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்றாலும் அவர்கள் நிற்க 1,240 சதுர மீட்டர் இடம் வேண்டும். கேட்டுக்கு வெளியே அந்த இடம் வரைபடத்தில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. மைதானத்துக்குள் எவ்வளவு இடம் என்று பார்த்துப் பார்த்து அளப்பவர்கள், கேட்டுக்கு வெளியே இருப்பது தங்கள் பொறுப்பில்லை என்று விட்டுவிடுவார்கள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் உள்ள ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று நடந்தது இதுதான். ஒரு பக்கத்தில் நின்று பார்க்கச் சீட்டு வாங்கிய 10,100 பேருக்கு ஏழு சுழல்வாயில்கள். ஒரு வாயிலுக்கு ஏறக்குறைய 1,443 பேர். ஒரு வாயிலில் மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது இன்றைய வரம்பு. அந்த வீதத்தில் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஒரு வினாடிகூட இடைவெளி இல்லாமல் ஓடினால்தான் எல்லோரும் உள்ளே போகலாம். ஆட்டம் தொடங்க இருந்தது 3 மணிக்கு. அதை ஒட்டி வாயில்களுக்கு வெளியே நெரிசல் முற்றியதால், வெளியேறும் கேட் ஒன்றைத் திறந்துவிடக் காவல்துறை உத்தரவிட்டது. உள்ளே நுழைந்தவர்களுக்கு நேர் எதிரே தெரிந்தது ஒரு சுரங்கப்பாதை. அது, நின்று பார்ப்பவர்களுக்காக வேலியிட்டுப் பிரித்த அடைப்புகளில், ஏற்கெனவே நிரம்பியிருந்த நடு அடைப்புகளுக்குப் போகும் வழி. பக்கவாட்டு அடைப்புகளில் இடம் இருந்தது. ஆனால் சுரங்கப்பாதையை மூடி, மக்களை அந்தப் பக்கம் திருப்பிவிட யாரும் நிற்கவில்லை. 97 பேர் இறந்தார்கள்.

முதலில் பழி ரசிகர்கள்மீதுதான் விழுந்தது. குடித்துவிட்டு வந்தார்கள், சீட்டில்லாமல் நுழைந்தார்கள் என்று எழுதினார்கள். இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்களின் நடத்தை இதற்குக் காரணமல்ல என்றும் விசாரணை நடுவர் குழு முடிவு சொன்னது 2016இல். இடையில் 27 ஆண்டுகள்.

## முன்வரிசைக்குத் தெரிவது பின்வரிசைக்குத் தெரியாது

நெரிசலின் காரணங்களை ஃப்ரூயின் நான்காகப் பிரித்தார்: விசை, தகவல், இடம், நேரம். இடத்தையும் விசையையும் மேலே பார்த்துவிட்டோம். நேரம் என்பது வருகையும் வெளியேற்றமும் எவ்வளவு நேரத்துக்குள் நெருக்கப்படுகின்றன என்பது. வரும்போது பெரும்பாலும் விட்டுவிட்டு வருவார்கள், முடிந்ததும் எல்லோரும் ஒரே நொடியில் கிளம்புவார்கள்.

நான்கில் அதிகம் கவனிக்கப்படாதது தகவல். கூட்டத்துக்கு மொத்தமாக ஒரு கண் கிடையாது. முன்னால் ஒருவர் மூச்சுக்குத் திணறும்போது இருபது வரிசைக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெரிவதெல்லாம், முன்னே ஒரு அடி இடம் கிடைத்திருக்கிறது என்பது மட்டுமே. அவர் அந்த ஒரு அடி நகர்வார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஓர் இசை நிகழ்ச்சியின் வாசலில் 11 பேர் இறந்தார்கள். இருக்கை எண் கிடையாது, முதலில் வருபவருக்கு முன்னிடம் என்ற ஏற்பாடு. திறந்த கதவுகள் மிகச் சில. உள்ளே ஒலிச்சோதனை நடந்த சத்தத்தைக் கேட்டு, நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று வெளியே நின்றவர்கள் நினைத்தார்கள். இந்த மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்கலாம். அவற்றில் செலவே இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று: ‘இது சோதனைதான், நிகழ்ச்சி இன்னும் தொடங்கவில்லை’ என்று வெளியே ஒரு அறிவிப்பு. ஆனால் பல நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கி உள்ளே மட்டும்தான் இருக்கும்.

அறிவிப்பு செய்யும்போது யாரிடம் பேசுகிறோம் என்பதும் முக்கியம். நெரிபடும் முன்வரிசையிடம் ‘பின்னால் போங்கள்’ என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? கடைசி வரிசையிடம் பேச வேண்டும். ‘பின்புறத்தில் நிற்பவர்கள் பத்து அடி பின்னே நகருங்கள், முன்னால் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை.’ காரணம் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

## ‘பீதி’ என்ற பழி

பீதி என்ற சொல்லை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். கூட்டத்துக்கு அறிவு கிடையாது, உண்மையைச் சொன்னால் மிரண்டுவிடும் என்ற நம்பிக்கை அதிகாரிகளிடம் ஆழமாக இருக்கிறது. அதனால் தகவலை மறைப்பார்கள். மறைப்பதால் மக்களுக்கு முடிவெடுக்க நேரம் கிடைக்காது. கடைசி நொடியில் எல்லோரும் ஒரே வாசலை நோக்கி ஓடும்போது, ‘பார்த்தீர்களா, பீதி’ என்பார்கள்.

2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பில் உயிர் தப்பியவர்களிடம் பேசி ஜான் ட்ரூரி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு வேறு படத்தைக் காட்டியது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் உதவினார்கள், வரிசையாக வெளியேறினார்கள், ‘நாம்’ என்ற உணர்வு உருவாயிற்று. கூட்டத்தை மிரட்டி அடக்க வேண்டிய பொருளாகப் பார்க்காமல், கூட்டாளியாகப் பார்ப்பதே நடைமுறையில் பலன் தருகிறது. இதை நல்லெண்ணப் பேச்சு என்று ஒதுக்க வேண்டாம். பத்துக் காவலர்கள் செய்ய முடியாததை, விவரம் தெரிந்த ஆயிரம் பேர் தாங்களே செய்துகொள்வார்கள்.

## எதிரெதிர் திசைகளும் இடம்மாறும் முடிச்சும்

2010 ஜூலை 24 அன்று ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் ஒரு பழைய சரக்கு ரயில் நிலையத்தில் நடந்த இசை விழாவில், உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் ஒரே சாய்தளத்தைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அங்கே வந்து சேரும் வழியும் சுரங்கப்பாதைகள்தான். 21 பேர் இறந்தார்கள். வரைபடத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

மினா கற்றுத்தருவது இன்னும் சிக்கலான பாடம். 2006க்குப் பிறகு, ஹஜ் பயணிகள் கல்லெறியும் சடங்கு நடக்கும் பழைய பாலத்தை இடித்துவிட்டு, ஒருவழிப் பாதைகளோடு பல அடுக்குப் பாலம் கட்டினார்கள். பாலத்தில் இருந்த சிக்கல் தீர்ந்தது. ஆனால் 2015 செப்டம்பர் 24 அன்று அந்தப் பாலத்துக்குப் போகும் தெருக்களின் சந்திப்பில் நெரிசல் ஏற்பட்டது. அரசுக் கணக்கில் 769 பேர், பல நாடுகள் அறிவித்த எண்களைக் கூட்டினால் அதைவிட மிக அதிகம். ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடுத்த முடிச்சு எங்கே விழும் என்று வழி முழுவதையும் பார்க்க வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து மேடை வரை, மேடையிலிருந்து மறுபடி பேருந்து நிறுத்தம் வரை.

## ‘நிறுத்து’ என்று யார் சொல்வது?

இதுவரை சொன்னது இடத்தின் கணக்கு. இனி ஆட்களின் கணக்கு.

2021 நவம்பர் 5 அன்று ஹூஸ்டன் நகரில் சுமார் 50,000 பேர் கூடிய இசை விழாவில் 10 பேர் இறந்தார்கள். பலர் பாதிக்கப்பட்ட விபத்து என்று அதிகாரிகள் அறிவித்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் பாட்டு நடந்துகொண்டிருந்தது. தகவல் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அது மேடைக்குப் போய்ச் செயலாக மாறவில்லை.

தென்கொரியத் தலைநகர் சியோலின் இதேவோன் பகுதியில் 2022 அக்டோபர் 29 அன்று நடந்தது வேறு வகை. குறுகலான இடத்தில் 3.2 மீட்டர் அகலமும் சுமார் 40 மீட்டர் நீளமும் கொண்ட சரிவான சந்து. ஏறக்குறைய 130 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஐந்து பேர் என்றாலும் 650 பேரோடு அபாய எல்லை வந்துவிடும். ஆபத்து என்று காவல்துறைக்கு முதல் அழைப்பு மாலை 6.34க்கே வந்தது. இரவு 10.15 வாக்கில் விபத்து நடக்கும்வரை 11 அழைப்புகள். அந்த விபத்தின் பலி எண்ணிக்கை 159. அது யாரும் நடத்திய நிகழ்ச்சி அல்ல, மக்கள் தாங்களாகத் திரண்ட இரவு. அதனால் திட்டம் போட வேண்டியவர் யார் என்பதே தெளிவாக இல்லை. பின்னர் தென்கொரியா சட்டத்தைத் திருத்தி, நடத்துபவர் இல்லாத கூட்டங்களின் பாதுகாப்புப் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது.

நிகழ்ச்சி நடத்துபவர்கள் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியவை இவை:

1. நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் யார் என்பது. பெயரோடு, மாற்று ஆளோடு. குழுவாகக் கூடி முடிவெடுக்க நேரம் இருக்காது.
2. எந்த நிலையில் நிறுத்துவது என்பது. ‘தேவைப்பட்டால்’ என்று எழுதினால் யாரும் நிறுத்த மாட்டார்கள். மேடையில் பெரிய ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது இடைமறிக்கத் துணிச்சல் வராது. ‘இந்தப் பகுதியில் அலை தெரிந்தால் உடனே’ என்று எழுதினால் அது உத்தரவு, துணிச்சல் தேவையில்லை.
3. நிறுத்தும் முறை. இசை நிற்க வேண்டும், விளக்குகள் எரிய வேண்டும், மேடையில் இருப்பவரே பேச வேண்டும். அறிவிப்பு வாசகம் முன்பே எழுதப்பட்டு மைக் பக்கத்தில் இருக்க வேண்டும்.

களப்பணியாளர்களைப் பொறுத்தவரை எண்ணிக்கையைவிட அமைப்பு முக்கியம். 250 பார்வையாளர்களுக்கு ஒருவர் என்பது விளையாட்டரங்குகளில் தொடங்கும் அளவு. ஆனால் நூறு பேருக்குச் சட்டை கொடுத்து நிறுத்திவிட்டால் அவர்கள் நூறு பார்வையாளர்கள்தான், மேடையைத்தான் பார்ப்பார்கள். 1970களில் கலிஃபோர்னியாவின் காட்டுத்தீ அனுபவத்தில் உருவான அவசரநிலைத் தலைமை முறையில் ஒரு விதி உண்டு: ஒரு மேற்பார்வையாளரின் கீழ் மூன்று முதல் ஏழு பேர், ஐந்து என்றால் நல்லது. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு மேலாள். தன் இடம் எது, எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்க வேண்டும், எதைக் கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் ஆகிய மூன்றும் ஒவ்வொரு பணியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்தில் கைபேசி அலைவரிசை முடங்குவது சகஜம், அதனால் வாக்கிடாக்கி வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஓடிப்போய்ச் சொல்ல ஓர் ஆள்.

## கதவு

கடைசியாகப் பழைய விபத்து ஒன்று. 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் ஓர் அரங்கில் சிறுவர்களுக்கான நிகழ்ச்சி. முடிவில் குறிப்பிட்ட எண்ணுள்ள சீட்டுக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டு, கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கு மேடையிலிருந்தே கொடுக்கத் தொடங்கினார்கள். மாடியில் இருந்த பிள்ளைகள், தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று படியிறங்கி ஓடினார்கள். படியின் கீழே கதவு உட்புறமாகத் திறப்பது. ஒரு பிள்ளை மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுத் தாழிட்டிருந்தார்கள். 183 பிள்ளைகள் இறந்தார்கள். வாசல், தகவல், அவசரம் எல்லாம் அந்த ஒரு படிக்கட்டில் இருக்கின்றன.

இதன் பிறகு ராபர்ட் பிரிக்ஸ் என்பவர், உள்ளிருந்து உடலால் அழுத்தினாலே திறந்துகொள்ளும் தாழ் ஒன்றை உருவாக்கி 1892இல் காப்புரிமை பெற்றார். அரங்குகளில் வெளியேறும் கதவின் குறுக்கே இடுப்புயரத்தில் இருக்கும் கம்பி அந்த வகைதான். பல இடங்களில் அதன்மேல் சங்கிலி சுற்றிப் பூட்டியிருப்பார்கள், சீட்டில்லாதவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று. நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒருவர் எல்லாக் கதவையும் உள்ளிருந்து தள்ளிப் பார்க்க வேண்டும். திறக்காத கதவின் அகலத்தை, மேலே போட்ட 82 பேர் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, அதற்கேற்ப உள்ளே விடும் ஆட்களையும் குறைக்க வேண்டும்.